இரண்டு தட்டுக் கூண்டு

சிங்காரப்பேட்டை
9-6-2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

பரிதி எழுதுகிறேன். உடம்பு தேவலை. கை நடுக்கம் குறைந்திருப்பது எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? போன ஞாயிறு என்னை இந்த மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாய். பஸ் கிடைத்ததா?

இங்கே போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். வருகிற கடிதங்களை மேற்பார்வையாளர் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கொடுப்பார். நாங்கள் எழுதுவதும் ஞாயிறு மட்டும். நீ என்றைக்கு எழுதினாலும் எனக்கு அது ஞாயிறுதான்.

இந்த முறை அவசரமாக எழுதுவது எலிக் கூண்டைப் பற்றி. முழு வெள்ளையாக இருப்பது அவல். தலை மட்டும் பழுப்பாக இருப்பது கொள்ளு. இரண்டும் பெண், கூடப் பிறந்தவை. தரையில் விரிக்கக் காகிதம் போதும். பழைய செய்தித்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்துப் போடு. ஈரமான மூலையைத் தினமும் அள்ளிவிடு. தட்டை வாரம் ஒருமுறை கழுவினால் போதும், ஆனால் மேல் தட்டையும் கீழ்த் தட்டையும் ஒரே நாளில் கழுவாதே. பழைய காகிதத்தில் ஒரு பிடி எடுத்து வைத்துப் புதியதோடு கலந்து போடு. எல்லாமே புதிதாக இருந்தால் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று மிரண்டு எல்லா இடத்திலும் பெய்துவைக்கும். பினாயில் ஆகவே ஆகாது. வெந்நீரில் கொஞ்சம் வினிகர் விட்டுக் கழுவு.

கதவுக் கொக்கியை அவல் மூக்கால் தூக்கிவிடும். கம்பி சுற்றி வை. கீழே வீட்டுச் சொந்தக்காரர் சென்னகிருஷ்ணன் கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவே எலி மருந்து வைக்கிறார். இதுகள் கையால் கொடுத்ததைத் தின்று பழகியவை. எதையும் சந்தேகப்படத் தெரியாது.

இன்னொன்று. டிசம்பர் ஒன்றாம் தேதி ஆறு மாதம் முடிகிறது. இங்கேயும் வெளியே விட வேண்டுமென்றால், எங்கள் வீட்டில் வைத்துக்கொள்கிறோம் என்று உறவினர் ஒருவர் முகவரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எனக்கு நீ ஒருத்திதான். இப்போதே சொல்ல வேண்டாம்.

தம்பி
இளம்பரிதி


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
20-6-2024

பரிதிக்கு,

கடிதம் கிடைத்தது. முதுகுவலி வழக்கம்போல். பஸ் கிடைத்தது. ஊத்தங்கரையிலும் கிருஷ்ணகிரியிலும் மாறி வந்தேன்.

கூண்டைப் பின்பக்கம் துணி உலர்த்தும் இடத்தில் வைத்திருக்கிறேன். தொடும்போது ஆய்வகக் கையுறை போட்டுக்கொள்கிறேன். நீ சொன்னபடி எல்லாம் செய்தும் மூன்றாம் நாள் அமோனியா மூக்கில் ஏறுகிறது. பகல் முழுவதும் நிக்கல் முலாம் தொட்டிகளின் கரைசலை அளந்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதே வேலை.

நேற்று வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் மாடிக்கு வந்து பார்த்தார்.

"ஏமம்மா, கீழ நான் எலிக்கு மருந்து வெக்கிறேன், மேல நீ எலிக்குச் சோறு வெக்கிற. ரெண்டு பேர்ல ஒருத்தர் நிறுத்தணும்."

அவர் மனைவி சரோஜம்மாள் படியிலேயே நின்றுகொண்டு, "உடுங்க. அந்தம்மாவுக்கு வீட்ல பேச்சுத் துணைக்கு அதாச்சும் இருக்கட்டும்" என்றாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள்.

இரண்டும் தின்கின்றன. சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். அவல் 260 கிராம், கொள்ளு 290.

மாத்திரைகளைத் தவறாமல் சாப்பிடு.

மணிமேகலை


சிங்காரப்பேட்டை
30-6-2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். நீ எடை போட்டது எலிகளை என்றாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீயும் ஒழுங்காகச் சாப்பிடு. தயிர்சாதத்தோடு நிறுத்திவிடாதே.

பக்கத்துக் கட்டில் கங்கப்பன். ராயக்கோட்டைக்காரர், லாரி ஓட்டியவர். உன் கடிதத்தைப் படிக்கக் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, ஊட்ல மனுசங்க யாரும் இல்லியா? எலி சவுக்கியம், எலி சாப்டுச்சின்னு எழுதிருக்காங்க" என்றார். அக்கா அப்படித்தான் எழுதும் என்றேன். பொம்மசந்திராவில் மருந்து சோதனைக் கம்பெனியின் விலங்குக் கூடத்தில் பதினோரு வருடம் நானூறு கூண்டு கழுவியவன் நான் என்றதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலை போன பிறகு கடையில் இரண்டை வாங்கி அறையில் வைத்துக்கொண்டேன் என்று மட்டும் சொல்லவில்லை. உன்னிடமும் நான் காரணம் சொன்னதில்லை. நீயும் கேட்டதில்லை.

இங்கே சமையல்கட்டில் ஒருவர் இருக்கிறார். சிகிச்சை முடிந்து ஒன்பது வருடமாகிறது. கையெழுத்துப் போட யாரும் வரவில்லை, தங்கிவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார். காய் நறுக்கும்போது பாடுவார்.

கையெழுத்து விஷயம் யோசித்தாயா?

தம்பி
இளம்பரிதி


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
15-7-2024

பரிதிக்கு,

எடை கூடியது நல்லது. இங்கு மழைக்காற்று. எனக்கு லேசான சளி.

நாற்றத்துக்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்குக்கு பைன் மரப்பெட்டி அடிக்கிறார்கள். முனிவேல் என்ற தச்சர் இழைக்கிற சுருள் மலைபோல் குவிந்து கிடக்கும். கேட்டேன். "எலிக்கா மேடம்? மெத்தை கணக்கா இருக்கும், கொண்டு போங்க" என்று ஒரு மூட்டை கட்டிக்கொடுத்தார். இரண்டு வாரமாக அதைத்தான் போடுகிறேன். காகிதத்தைவிட நன்றாக உறிஞ்சுகிறது. பின்பக்கம் முழுவதும் மரக்கடை வாசம். உன் பதினோரு வருட முறையைத் திருத்தியதற்குக் கோபிக்காதே.

கொள்ளு இரண்டு நாளாகத் தும்முகிறது. என் சளி ஒட்டியிருக்கும்.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன முறை சிகிச்சை முடிந்து நீ இங்கிருந்த பதினெட்டு நாளைப் பற்றியும், கடைசி நாள் குடித்துவிட்டுப் படியில் விழுந்து கிடந்ததைப் பற்றியும் வீட்டுக்காரர் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லி முடித்திருப்பேன்.

மணிமேகலை


சிங்காரப்பேட்டை
21-7-2024, ஞாயிறு

அக்கா,

நலம் விசாரிக்க நேரமில்லை. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷம் அந்தச் சுருளை மொத்தமாக வெளியே எடு. பைன் ஆகாது. அந்த வாசம்தான் விஷம். எலிக்கு நுரையீரல் ரொம்ப மெலிது. உன் சளி ஒட்டவில்லை. கூண்டைக் கழுவிக் காயவைத்துக் காகிதம் போடு. மூக்கிலும் கண்ணிலும் சிவப்பாகக் கசிந்தால் பெங்களூருக்குக் கொண்டுபோ. சின்னப் பிராணிகளைப் பார்க்கிற டாக்டர் அங்கேதான் இருக்கிறார்.

போன் செய்ய அனுமதி கேட்டேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றார்கள். தபால் நாளைக் காலைதான் போகும்.

பரிதி


மூக்கண்டப்பள்ளி
27-7-2024
(அனுப்பாதது)

பரிதி,

உன் கடிதம் நேற்று வந்தது. கொள்ளு புதன்கிழமையே இறந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை மூக்கைச் சுற்றிச் சிவப்பு. மூச்சு விடும்போது விலா உள்வாங்கியது. இங்கே கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். மாடு, ஆடு, நாய்தான் பார்த்துப் பழக்கம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டு, செருப்புப் பெட்டியில் ஓட்டை குத்தி மடியில் வைத்துக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினேன். அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் கன்னடத்தில் பெட்டியில் என்ன என்று கேட்டாள். செருப்பு என்றேன். பொம்மசந்திரா வரும்போது பெட்டிக்குள் அசைவு நின்றிருந்தது. இறங்கி, சாலையைக் கடந்து, எதிர்ப்புறம் ஓசூர் பஸ்ஸுக்கு நின்றேன். நீ பதினோரு வருடம் வேலைக்கு இறங்கிய நிறுத்தம் அது என்று பிறகுதான் உறைத்தது.

பைன் மரத்தின் வாசனையில் என்னென்ன இருக்கின்றன என்பதை எம்.எஸ்சி. தேர்வில் எழுதித் தேறியவள் நான். இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். காகிதம் போதும் என்று நீ எழுதியிருந்தாய். நீ சொன்னது என்பதாலேயே அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதை எப்படி அனுப்புவது? முன்பு தருமபுரி இல்லத்தில் நீ இருந்தபோது ஐம்பதாம் நாள் உன் மனைவியின் விவாகரத்து நோட்டீஸ் வந்தது. அன்று சாயங்காலமே சுவரேறிக் குதித்துக் குடித்தாய். இன்று உனக்கு ஐம்பத்தாறாம் நாள். இன்னொரு காகிதத்தை நானே அனுப்ப முடியாது.

உனக்காகத்தான் மறைக்கிறேன் என்பதுபோல் எழுதிவிட்டேன். முழுக்க அதுவும் இல்லை.


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
29-7-2024

பரிதிக்கு,

நலம்தானே? என் சளி போய்விட்டது. நீ எழுதியபடி சுருளை மாற்றிவிட்டேன். இப்போது காகிதம்தான். தும்மல் இல்லை. இரண்டும் நன்றாக இருக்கின்றன. நீ கவலைப்பட வேண்டாம்.

மணிமேகலை


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
8-9-2024

பரிதிக்கு,

ஆகஸ்டில் நீ எழுதிய இரண்டு கடிதங்களும் வந்தன. கம்பெனியில் தணிக்கை நடந்ததால் உடனே எழுத முடியவில்லை. நூறு நாள் ஆகப்போகிறது என்று குறித்திருந்தாய். நானும் காலண்டரில் பார்த்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே எல்லாரும் நலம்.

அவலைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஐந்தே முக்காலுக்கு நான் படியேறும் சத்தம் கேட்டதும் மேல் தட்டுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கதவைத் திறந்தால் நேராகக் கையில் ஏறிவிடும். முழங்கை மடிப்பில் முகத்தைச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரமானாலும் கிடக்கிறது. இறக்கிவிட்டால் மறுபடி ஏறுகிறது. கையுறை போடுவதை நிறுத்திவிட்டேன். இட்லியைப் பிட்டு ஒரு கையால் சாப்பிடப் பழகிவிட்டது.

இதை விலங்குக்கு நம்மீது பாசம் என்றெல்லாம் சொல்வார்கள். சூடு தேடுகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

கொள்ளு வழக்கம்போல்.

மணிமேகலை


சிங்காரப்பேட்டை
22-9-2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் இருக்கிறேன். உன் உடம்பு எப்படி?

உன் கடிதத்தைப் போன ஞாயிறே கொடுத்தார்கள். போன வாரம் எழுதவில்லை.

அவலைத் தினமும் ஒரு மணி நேரமாவது வெளியே எடு. ஒரு நாளும் விடாதே. ஏதாவது பேசு. உனக்குப் பேச வராவிட்டால் தொழிற்சாலைக் கணக்கையாவது வாய்விட்டுப் படி, குரல் கேட்டால் போதும். நீ கட்டிக் கழற்றிய பழைய சேலைத் துண்டு ஒன்றைக் கூண்டின் கீழ்த் தட்டில் போட்டு வை. அதைத் துவைக்காதே. வாசம் இருந்தால்தான் தூங்கும்.

வெளியூர் போகாதே. போனால் சரோஜம்மாளைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

தம்பி
இளம்பரிதி


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
10-11-2024

பரிதிக்கு,

நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை. உன் கடிதத்தில் கொள்ளுவின் பெயர் இல்லை, கையெழுத்தைப் பற்றியும் கேள்வி இல்லை. அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன்.

தீபாவளியன்று சாயங்காலம் அவல் என் கையில் இருந்தது. தெருவில் யாரோ வெடித்த அணுகுண்டுக்குத் துள்ளி விழுந்து, திறந்திருந்த கதவு வழியாகப் படியிறங்கிக் கீழே மூட்டை அறைக்குள் போய்விட்டது. நான் சென்னகிருஷ்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வைத்த மருந்துக் கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டார்.

"பதினாலு வெச்சேன். பதிமூணுதான் கீது."

மறுபடி தேடினோம். பதினாலாவது கிடைக்கவில்லை. இருபது மூட்டையை நகர்த்தினார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பேரு வெச்சிருக்கீங்கல்ல? கூப்புடும்மா" என்றார்.

நான் அதைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. அவர் முன்னால் கூப்பிட்டேன். மூன்றாவது தடவை சுவரோரச் சாக்குக்குப் பின்னாலிருந்து வந்து, என் கால் வழியாக ஏறிற்று.

சரோஜம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சென்னகிருஷ்ணன் கேட்டார். "இன்னொண்ணு எங்க? தல பழுப்பா இருக்குமே."

"செத்துப்போச்சு."

"எப்போ?"

"ஜூலைல."

"தம்பிக்குச் சொன்னியா?"

நான் தம்ளரைச் சரோஜம்மாளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்லா கீது. அவன் குடிக்கலன்னு சொல்வான், நீ சாகலன்னு சொல்றியா?"

மருந்து தின்றிருந்தால் நாலைந்து நாள் கழித்துத்தான் இரத்தம் கசியும். பத்து நாள் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். காலையும் மாலையும் ஈறைப் பார்த்தேன், எடை போட்டேன். இன்று பத்தாம் நாள். அவலுக்கு ஒன்றும் இல்லை.

கொள்ளு ஜூலை 24 அன்று இறந்தது. நான் போட்ட பைன் சுருளால் இறந்தது. உன்னை நம்பாததால் அதைப் போட்டேன். பிறகு நலம் என்று எழுதினேன். மேற்பார்வையாளரும் இதைப் படிக்கட்டும்.

மணிமேகலை


சிங்காரப்பேட்டை
17-11-2024, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம். உனக்கு மூட்டை நகர்த்தி முதுகு பிடித்திருக்குமே, பார்த்துக்கொள்.

எனக்குச் செப்டம்பரிலேயே தெரியும். அவல் உன் முழங்கையில் ஒரு மணி நேரம் கிடக்கிறது என்று எழுதினாய். ஜோடி இருக்கிற எலி அப்படிக் கிடக்காது அக்கா. இரண்டு நிமிஷம் மோந்து பார்த்துவிட்டுத் துணையிடம் ஓடிவிடும். விலங்குக் கூடத்தில் தனிக் கூண்டில் போட்டவைதான் எங்கள் பூட்ஸ் சத்தம் கேட்டுக் கம்பிக்கு வந்து நிற்கும். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள், நம்மைப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். நாங்கள் சொல்லமாட்டோம்.

உன் அந்தச் செப்டம்பர் கடிதத்தைப் படித்த அன்று பையைக் கட்டிவிட்டேன். கொள்ளு போனதற்கு இல்லை. குடிகாரனிடம் பேசுவது மாதிரி என்னிடம் பேசியிருக்கிறாயே என்று. வாசல் கேட் அருகில் கங்கப்பன் வந்தார். தடுக்கவில்லை. "பஸ்ஸு நாலு மணிக்குத்தாம்ப்பா. சாப்ட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன். அன்று பாத்திரம் கழுவுகிற முறை என்னுடையது. கழுவி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. மறுநாளும் ஒரு பஸ் இருந்தது. போகவில்லை. காரணம் எனக்கே சரியாகத் தெரியாது.

படிவத்தை உனக்கு அனுப்பியிருப்பார்கள். செய்த தவறுக்குப் பதிலாகக் கையெழுத்துப் போடாதே. வேண்டாமென்றால் வேண்டாம் என்று எழுது. சமையல்கட்டில் இடம் இருக்கிறது. நீ தனியாக இருந்து பழகியவள், எனக்குத் தெரியும். ஆனால் அவலைத் தனியாக வைக்காதே. சின்ன வயதுப் பெண் எலி ஒன்று வாங்கி, முதலில் வேறு கூண்டில் பக்கத்தில் வைத்து, இரண்டு வாரம் கழித்துச் சேர்த்துவிடு.

தம்பி
இளம்பரிதி


மூக்கண்டப்பள்ளி, ஓசூர்
23-11-2024

பரிதிக்கு,

கடிதமும் படிவமும் ஒரே நாளில் வந்தன. முதுகு பிடித்ததுதான். சரோஜம்மாள் ஏதோ தைலம் கொடுத்தாள், தேய்த்துவிட ஆளில்லை என்றேன், அவளே தேய்த்துவிட்டாள்.

நீ மறுபடி குடிக்கமாட்டாய் என்று நான் நம்பவில்லை. இரண்டு தடவை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை நம்புகிறேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் படிவத்தை முன்னும் பின்னும் படித்துப் பார்த்தேன். நம்புகிறீர்களா என்று அதில் எங்கும் கேட்கவில்லை. பெயர், உறவு, முகவரி, கையெழுத்து கேட்கிறார்கள். நாலையும் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வரட்டும். படியில உழுந்தா மட்டும் நான் தூக்கமாட்டேன், அதையும் எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

ஒன்றாம் தேதி காலை முதல் பஸ்ஸில் புறப்படுகிறேன். கங்கப்பனுக்கு ஏதாவது வாங்கி வர வேண்டுமா என்று எழுத உனக்கு நேரம் இருக்காது. நானே யோசித்து வாங்கி வருகிறேன்.

படிவத்தின் கடைசியில் எவ்வளவு காலம் வைத்துக்கொள்வீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. மூன்று நாளாகப் பேனாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அதை நிரப்பாமல் அனுப்பியிருக்கிறேன். மேற்பார்வையாளர் கேட்டால், தெரியாமல் விட்டதல்ல என்று சொல்.

அக்கா